ஆறு கண்ணியில் தொடங்கும் கங்காரு

இடது கை ஆள்காட்டி விரலில் உல்லன் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் குரோஷா ஊசியை விட்டு நூலை இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு கண்ணி போட வேண்டும். பிறகு நூலின் வால்முனையைப் பிடித்து இழுத்தால் வளையம் சுருங்கி நடுத்துளை மறைந்துவிடும். இப்போது கையில் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குட்டி வட்டம். செய்யப்போகும் கங்காரு பொம்மையின் தலை, உடல், வால், வயிற்றுப்பை, பைக்குள் உட்காரப்போகும் குட்டி எல்லாமே இப்படி ஆறு கண்ணியில்தான் தொடங்குகின்றன.

நிஜக் கங்காருவின் தொடக்கமும் ஏறக்குறைய இதே அளவுதான். சிவப்புக் கங்காருவின் கர்ப்பகாலம் 33 நாள். பிறக்கும் குட்டி ஒரு மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். எடை ஒரு கிராம்கூட இராது. கண் திறந்திருக்காது. உடலில் ரோமம் இருக்காது. பின்னாளில் ஒரே தாவலில் பல மீட்டர் பாயப்போகும் பின்னங்கால்கள் அப்போது வெறும் மொட்டுகள். முன்னங்கால்கள் மட்டும் நகத்தோடு வளர்ந்திருக்கும். அவற்றால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றி, யாரும் தூக்கிவிடாமல், அந்தச் சிறு உயிர் தானாகவே மேலேறிப் பைக்குள் போய் விழுகிறது. உள்ளே முலைக்காம்பைக் கவ்வியதும் காம்பின் நுனி அதன் வாய்க்குள் உப்பிக்கொள்ளும். அதன்பின் தாய் எவ்வளவு குதித்தாலும் குட்டி நழுவாது. முதன்முதலாகப் பையை விட்டு வெளியே இறங்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பையை விட்டு ஒரேயடியாக வெளியேற ஏறக்குறைய எட்டு மாதம்.

இப்படிக் குறைவளர்ச்சியில் பிரசவித்துப் பையில் வைத்து வளர்க்கும் விலங்குகளை விலங்கியல் நூல்கள் பையுடைய பாலூட்டிகள் என்கின்றன. கங்காரு, கோலா, வாம்பேட், போசம் என முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும், மற்றவை அமெரிக்கக் கண்டங்களிலும் வாழ்கின்றன. நம் நாட்டுக் காடுகளில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நம் குழந்தைகளுக்குப் படப்புத்தகத்தில் அறிமுகமாகும் முதல் சில விலங்குகளில் கங்காருவும் ஒன்று. அந்தப் பைதான் அவர்களை இழுக்கிறது. அம்மாவின் வயிற்றிலேயே ஒரு வீடு இருக்கிறது என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

குரோஷாவில் கங்காரு செய்ய உட்காருகிறவர்களுக்கும் அந்தப் பைதான் முதல் கேள்வி. கரடியையோ முயலையோ செய்யும்போது ஒரு பந்து, இன்னொரு பந்து, நான்கு குழாய் என்று முடித்துவிடலாம். பையுள்ள விலங்கு அப்படி விடாது. பை எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு ஆழம், குட்டி உள்ளே எப்படி உட்காரும் என்று நிஜ விலங்கைப் போய்ப் பார்க்க வைக்கிறது. இந்தக் கைவேலையின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

குரோஷாவில் சிறு பொம்மை செய்யும் இந்த முறைக்கு உலகெங்கும் அமிகுருமி என்றே பெயர். ஜப்பானியச் சொல். ‘அமி’ என்றால் பின்னல். ‘நுயிகுருமி’ என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து சுருங்கியது. ஜப்பானில் வேரூன்றிய இந்தப் பழக்கம் 2000-க்குப் பிறகு மற்ற நாடுகளில் வேகமாகப் பரவியது. குரோஷா அதைவிட மூத்தது. கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அயர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, அங்கே பல குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ்தான் கஞ்சி ஊற்றியது. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவின் நரசாப்பூரில் பல தலைமுறைப் பெண்கள் இதே ஊசியோடு வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அவர்கள் செய்த வேலை ‘ஓய்வுநேர வேலை’ என்று எண்ணப்பட்டு எவ்வளவு குறைந்த கூலிக்குப் போனது என்பதை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

தமிழ்நாட்டு வீடுகளில் குரோஷா என்றால் முன்பெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டிமேல் விரிக்கும் வெள்ளைத் துணி, வாசல் தோரணம், பச்சைக் குழந்தைக்குக் குல்லா. இன்று நிலைமை வேறு. சென்னையைச் சேர்ந்த மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையைச் சேர்த்து விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. அடுத்து 2018-இல் அதே குழுவினர் குரோஷாவில் செய்த சிறு உருவங்களை ஆயிரக்கணக்கில் காட்சிக்கு வைத்தார்கள். அத்தை கையிலிருந்த வெள்ளை நூல் உருண்டை, பேத்தி கையில் வண்ண வண்ண உருவங்களாகிவிட்டது.

அந்த அத்தையும் பேத்தியும் ஒரே வேலைக்கு உட்கார்ந்தால் ஒரு குழப்பம் வரும். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் ‘டபுள் குரோஷே’ என்று அழைக்கப்படும் கண்ணிக்கு அமெரிக்க வழக்கில் ‘சிங்கிள் குரோஷே’ என்று பெயர். அத்தை படித்தது முதல் வகை. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. எந்த வழக்கில் எழுதியது என்று பார்க்காமல் தொடங்கினால் கங்காரு ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்குப் போய்விடும்; பின்னலும் சல்லடையாகிப் பஞ்சு வெளியே தெரியும். பொம்மைக்கு வேண்டியது குட்டையான, நெருக்கமான கண்ணி. அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷே எனப்படும் அதையே இந்தக் கட்டுரையில் ‘கண்ணி’ என்று சொல்கிறோம்.

பொருள்கள் அதிகம் இல்லை. நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூலோ அக்ரிலிக் நூலோ போதும். ஊசி 2.5 அல்லது 3 மி.மீ. நூல் உருண்டையின் சீட்டில் இதைவிடப் பெரிய ஊசி எண்தான் அச்சிட்டிருப்பார்கள். அது சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் சரி. பொம்மைக்கு ஒரு படி சிறிய ஊசி வேண்டும். அப்போதுதான் கண்ணிகளுக்கு இடையே துளை விழாது. சுற்றின் முதல் கண்ணியை அடையாளம் வைக்க வளையலில் தொங்கும் ஊக்கு ஒன்று போதும். அமிகுருமியில் சுற்றுகள் முடிச்சுப் போட்டு நிற்பதில்லை, கொசுவர்த்திச் சுருள்போல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊக்கு மாட்டாமல் போனால் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது பத்தே நிமிடத்தில் மறந்துவிடும்.

இனி அந்த ஆறுக்கு வருவோம். ஏன் ஐந்தோ ஏழோ இல்லை?

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப்போல் 6.28 மடங்கு. இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே வட்டம் ஒரு கண்ணி உயரம் வெளியே விரியும்போது, அதன் விளிம்பில் ஆறு கண்ணிக்குச் சற்றுக் கூடுதலாக இடம் பிறக்கிறது. சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் பின்னல் அப்பளம்போல் தட்டையாக விரியும். முதல் சுற்றில் 6. அடுத்ததில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12. அதற்கடுத்து ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டு 18. பிறகு 24, 30, 36. கூட்டுவதை நிறுத்தி அதே எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே போனால் விளிம்பு மடிந்து கிண்ணமாகும், கிண்ணம் குழாயாகும். இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே வந்தால் வாய் மூடிப் பந்தாகிவிடும். கூட்டல், நிறுத்தல், குறைத்தல் என்ற மூன்றே அசைவில் உலகத்து விலங்குகள் அத்தனையையும் செய்துவிடலாம்.

ஆறுக்கு மேல் கூட்டினால் என்ன ஆகும்? விளிம்பு இடம் போதாமல் பாவாடைக் கொசுவம்போல் நெளிய ஆரம்பிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தவறு என்று பிரித்துப் போடுவார்கள். கணித அறிஞர்களோ இதைப் பொக்கிஷமாகப் பார்த்தார்கள். லாத்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா தைமினா, 1997-இல் இப்படி வேண்டுமென்றே கண்ணி கூட்டி, அதிபரவளையத் தளம் என்று கணிதத்தில் சொல்லப்படும் வடிவத்தைக் குரோஷாவில் செய்து மாணவர்கள் கையில் கொடுத்தார். தாளிலும் அட்டையிலும் ஒட்டிப் பார்த்துக் கிழிந்துபோன வடிவம், நூலில் நிலைத்தது. அதைக் கண்டு ஊக்கம் பெற்றவர்கள் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள். தங்கள் மாநிலக் கடற்கரையை ஒட்டிய பெரும் பவளத்திட்டு வெளிறிச் சாவது பொறுக்காமல், 2005-இல் குரோஷாவிலேயே ஒரு பவளத்திட்டைப் பின்னத் தொடங்கினார்கள். பிற்பாடு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அதில் கை சேர்த்தார்கள். கங்காருவின் காதோரம் கண்ணி கூடிப்போய் லேசாக நெளிந்தால், அது அந்தப் பவளத்தின் ஒரு சிறு துண்டு.

கங்காருவின் உடலுக்கு 36 வரை கூட்டிப் போனால் போதும். பிறகு 36-இலேயே ஆறு சுற்று. அடுத்து மேல்நோக்கி ஒடுங்க 30-இல் மூன்று சுற்று, 24-இல் மூன்று, கழுத்தருகே 18-இல் இரண்டு. எண்ணிப் பார்த்தால் உடலுக்கு மட்டும் 540 கண்ணி. அடிபெருத்து நுனி சிறுத்து, பேரிக்காயைக் கவிழ்க்காமல் வைத்தது மாதிரி நிற்கும். கங்காருவின் உருவத்தில் பாரம் முழுவதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. தோளும் கையும் ஒல்லி. பொம்மை செய்கிறவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் கரடிக்குப் போடும் தோளையே போட்டு, காதை மட்டும் நீட்டிக் கங்காரு என்கிறார்கள். அப்படிச் செய்ததைக் குழந்தை எலி என்று சொன்னால் குழந்தையைக் குறை சொல்ல முடியாது. தலை சிறியது, 24 கண்ணிக்கு மேல் போகக் கூடாது. முகம் நீளம், அதனால் மூக்குப்பக்கம் தனியாக ஒரு சிறு கிண்ணம் பின்னி ஒட்டவைக்க வேண்டும்.

குறைக்கும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு கண்ணியையும் முழுதாக ஊசியில் கோத்துக் குறைத்தால் அந்த இடத்தில் முடிச்சுபோல் ஒரு தடிப்பும் பக்கத்தில் ஒரு துளையும் தெரியும். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் முன்னிழை, பின்னிழை என்று இரண்டு இழை இருக்கிறது அல்லவா, அதில் முன்னிழைகளை மட்டும் அடுத்தடுத்துக் கோத்து ஒரே கண்ணியாக்க வேண்டும். குறைத்த சுவடே தெரியாது. இந்த ஒரு சங்கதி பழகிவிட்டால் பொம்மையின் முகம் பளிச்சென்று ஆகிவிடும்.

வாலைப் பலர் கடைசியில் அவசரமாகச் செய்து சொருகுகிறார்கள். அது தகாது. கங்காரு மெதுவாக நடக்கும்போது வாலையும் ஒரு கால்போலத் தரையில் ஊன்றுகிறது. சிவப்புக் கங்காருக்களை விசைத்தகட்டின் மேல் நடக்கவிட்டு அளந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னங்கால் பின்னங்கால் நான்கும் சேர்ந்து கொடுக்கும் முன்னுந்து விசைக்கு இணையாக வால் மட்டுமே கொடுக்கிறது என்று தெரியவந்தது. பொம்மைக்கும் அதே விதி. இரண்டு நீளப் பாதங்களும் வாலும் முக்காலிபோல் ஊன்றினால்தான் அது சாயாமல் நிற்கும். வாலின் அடி தடித்து இருக்க வேண்டும், பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும், தைக்கும்போது வாலின் அடிப்பக்கம் பாதத்தின் அடிப்பக்கத்தோடு ஒரே மட்டத்தில் தரையைத் தொடுகிறதா என்று மேசைமேல் வைத்துப் பார்த்துத் தைக்க வேண்டும்.

நூலின் நிறத்திலும் விலங்கு குறுக்கிடுகிறது. சிவப்புக் கங்காரு என்ற பெயரைப் பார்த்துச் செம்மண் நிற நூல் வாங்கி, வயிற்றில் பை தைத்துவிடுகிறார்கள். செம்மண் நிறம் ஆணுக்கு. பெண்ணில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம். பை இருப்பதோ பெண்ணுக்கு மட்டும். அதனால் பையோடு சிவப்புக் கங்காரு செய்கிறவர்கள் சாம்பல்நீல நூலைத் தேடுவதே பொருத்தம். அந்த நிறம் கிடைக்காவிட்டால் பழுப்புச் சாம்பலில் செய்து கிழக்குச் சாம்பல் கங்காரு என்று சொல்லிவிடலாம். அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிறம்.

பைக்கு 24 வரை கூட்டிய ஒரு வட்டம், அதன்மேல் கூட்டாமல் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுத்தான் வட்டத்தைச் சற்றுக் குழிய வைத்து உள்ளே இடம் உண்டாக்குகிறது. விளிம்பின் 24 கண்ணியில் கீழேயும் பக்கங்களிலுமாக 16 கண்ணியை வயிற்றோடு தைத்து, மேலே 8 கண்ணியைத் திறந்து விட்டால் கங்காருவின் பை ஆயிற்று.

வாம்பேட் என்றால் இதே பையைத் தலைகீழாக்க வேண்டும். வாம்பேட் மண்ணைத் தோண்டி வளையில் வாழும் விலங்கு. பை முன்பக்கம் திறந்திருந்தால் தோண்டும் மண்ணெல்லாம் குட்டியின் மேல் விழும். அதனால் அதன் பை வால்பக்கமாகத் திறக்கிறது. தாய் நடக்கையில் பின்னங்கால்களுக்கு நடுவே குட்டியின் முகம் எட்டிப் பார்க்கும். குண்டுடல், குட்டைக்கால், வால் இருந்தும் தெரியாத உருவம் என்பதால் முதன்முதலாகப் பொம்மை செய்கிறவர்களுக்கு வாம்பேட்தான் எளிது. கோலாவின் பையும் கீழ்ப்பக்கம் நோக்கியே திறக்கிறது. கோலாவுக்கு வால் கிடையாது. கை நுனியில் ஐந்து விரலில் இரண்டு கட்டைவிரல்போல் எதிர்த்து நின்று கிளையைப் பற்றும். பொம்மையில் அந்தக் கையை இரண்டாகப் பிளந்ததுபோல் தைத்தால் பென்சிலிலோ ஜன்னல் கம்பியிலோ தொற்றிக்கொள்ளும். காது மயிர்க்கற்றைக்கு நூலை வெட்டிக் கோத்துச் சீப்பால் சீவிவிட்டால் புசுபுசுவென்று எழும். கரடி என்று அதைச் சொல்வது தவறு என்றாலும், உருண்டை முகத்தில் பெரிய கருமூக்கு வைத்ததும் அந்தத் தவறைச் செய்தவர்களின் மனசு புரிந்துவிடும்.

ஊசியும் நூலும் நிஜப் பைக்குட்டிகளின் உயிருக்கு உதவிய கதையும் உண்டு.

ஆஸ்திரேலியச் சாலைகளில் இரவில் வண்டி மோதி இறந்துகிடக்கும் கங்காருக்களின் பையில் குட்டி உயிரோடு இருப்பது அடிக்கடி நடப்பது. அதனால் அடிபட்ட விலங்கைக் கண்டால் பையைப் பார்க்கும்படி அங்கே மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். குட்டி காம்பைக் கவ்வியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அதன் இளம் வாய் சேதமாகும். அப்படி மீட்ட குட்டிக்கு முதல் தேவை பாலுக்கும் முன்னால் இருட்டும் கதகதப்பும்தான். அதற்குத் துணிப்பை. பராமரிப்பவர்கள் வீட்டில் கதவுப்பிடியிலும் கொக்கியிலும் பைகள் தொங்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி உறங்கும்.

2015 ஜனவரியில் காட்டுத்தீயில் கோலாக்களின் பாதங்கள் வெந்தபோது, மருந்திட்ட பாதத்துக்கு மாட்டப் பருத்தியில் கையுறை தைத்து அனுப்புமாறு விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியம் கேட்டது. உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் உறைகள் வந்து குவிந்தன. சில நாளிலேயே, உறை போதும், இனிக் கங்காருக் குட்டிகளுக்குப் பை தைத்துத் தாருங்கள் என்று அந்த அமைப்பு கேட்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய அழிவு 2019 இறுதியில் தொடங்கிய கோடையில் வந்தது. அந்தத் தீயில் இறந்தோ இடம்பெயர்ந்தோ போன முதுகெலும்புள்ள விலங்குகள் ஏறக்குறைய 300 கோடி என்று உலக இயற்கை நிதியத்துக்காக ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் பாலூட்டிகள் மட்டும் 14.3 கோடி. அந்த மாதங்களில் பின்னத் தெரிந்தவர்கள் பையும் பறவைக்கூடும் போர்வையும் செய்து மலைமலையாக அனுப்பினார்கள்.

அந்தப் பைகளுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. குட்டியின் உடலில் படும் உள்பை வழவழப்பான பருத்தித் துணியாக இருக்க வேண்டும், உள்ளே தையல் விளிம்பு தெரியக் கூடாது, அடி வட்டமாக இருக்க வேண்டும். குரோஷாவோ கம்பளிப் பின்னலோ அதற்கு வெளியேதான் வரலாம். காரணம், கண்ணிக்கு நடுவே குட்டியின் மெல்லிய நகம் சிக்கிக்கொண்டால் அது பதறி இழுத்து விரலையே முறித்துக்கொள்ளும். ஆசையாகப் பின்னி அனுப்பிய பல பைகள் இதனாலேயே வெளிப்பைகளாக மட்டுமே பயன்பட்டன. அன்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் துணியும் கேட்டுத் தெரிந்து செய்ய வேண்டும் என்று அந்தக் கோடையில் பலரும் கற்றார்கள்.

தாயை இழந்த கோலாக் குட்டிக்கு ஒரு துணிப் பொம்மையும் கொடுப்பார்கள். பையிலிருந்து வெளியே வந்தபின் பல மாதம் தாயின் முதுகைக் கட்டிக்கொண்டே வாழும் பழக்கம் அதற்கு. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் கலங்கிவிடும். எடை பார்க்கத் தராசில் உட்காரவைக்கும்போதும் பொம்மையைக் கட்டிக்கொண்டால் அமைதியாக இருக்கும். ஒரு பஞ்சுப் பொம்மையைக் குழந்தை ஏன் தூக்கத்திலும் விடுவதில்லை என்று யோசிக்கிறவர்கள், தராசின் மேல் பொம்மையை இறுகக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டியின் படத்தைப் பார்க்கலாம்.

மனிதக் குழந்தைக்குப் பொம்மை செய்யும்போதும் அதே கவனம் தேவை. பாதுகாப்புக் கண்கள் என்ற பெயரில் விற்கும் பிளாஸ்டிக் கண்களை உள்பக்கம் வில்லை போட்டு இறுக்குவார்கள். கண் வில்லையிலிருந்து கழலாது. ஆனால் குழந்தை கடித்து இழுத்தால் பின்னல் விரிந்து கண் வில்லையோடு வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கென்றால் கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுவதே சரி. பொத்தான், மணி எதுவும் வேண்டாம். உள்ளே அடைக்க இலவம் பஞ்சு வீட்டில் இருந்தாலும் பொம்மைக்கு ஒத்துவராது. தலையணைக்கு அது அருமை. துவைத்தால் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். பாலியெஸ்டர் பஞ்சைச் சிறு சிறு பிசிறாகப் பிய்த்து, பென்சிலின் பின்முனையால் ஓரங்களுக்குத் தள்ளி அடைக்க வேண்டும். அளவுக்கு மீறித் திணித்தால் கண்ணிகள் விரிந்து வெள்ளை எட்டிப்பார்க்கும்.

விற்பதற்காகச் செய்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. விலை வைப்பதில்தான் பலர் கூசிப்போகிறார்கள். நூல் காசை மட்டும் கணக்கிட்டு, கை வேலையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கடைகளில் தொங்கும் எந்திரப் பின்னல் பொம்மையோடு இதை ஒப்பிடவே கூடாது. முப்பரிமாணத்தில் இப்படி உருவம் எடுக்கும் குரோஷாவைச் செய்து தள்ளும் எந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. எந்தக் குரோஷா பொம்மையை எடுத்தாலும், மலிவு விலைக்கு வந்ததாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கைதான் போட்டிருக்கிறது. உடலின் 540-ஐயும் தலை, வால், காது, கை, கால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் விலையைச் சொல்லக் கூச்சம் வராது.

பாகங்களைச் சேர்க்கும் வேலைக்கு மொட்டை முனையுள்ள பெரிய ஊசி வேண்டும். முதலில் குண்டூசியால் எல்லாவற்றையும் குத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி மேலே போனால் காது முயல்காதாகும். ஒரு கண்ணி கீழே இறங்கினால் கண் சோகமாகிவிடும். கண்களை மூக்கின் மேல்விளிம்புக்கு நேராக, சற்று அகலமாகத் தள்ளி வைத்தால் கங்காருவின் சாந்தமான முகம் வரும். இந்தக் கட்டத்தில் அரைமணி நேரம் போவது சகஜம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைக் கேட்டால் சரியான இடத்தைச் சொல்லிவிடும்.

கடைசியாகக் குட்டி. மறுபடியும் ஆறு கண்ணி, அதிலிருந்து 12. அதிலேயே சில சுற்று ஓடிக் கொஞ்சம் பஞ்சோடு வாயை மூடினால் விரல்பருமனில் ஓர் உடல். தலைக்கு அதேபோல் இன்னொரு குட்டிப் பந்து. இரண்டு காது. பாதங்களை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் செய்ய வேண்டும். பையிலிருந்து வெளியே வரத் தொடங்கும் வயதில் நிஜக் குட்டிக்கும் காலே பெரிதாக இருக்கும். பயந்து ஓடிவரும் குட்டி பைக்குள் தலைகுப்புறப் பாய்ந்து, உள்ளேயே கரணம் அடித்துத் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் பையின் வாயில் பெரும்பாலும் முகமும் இரண்டு நீளப் பாதங்களும் ஒன்றாகத் தெரிகின்றன. பொம்மையிலும் குட்டியை நிமிர்த்திச் சொருகாமல், மடித்து, பாதம் காதோரம் வரும்படி வைத்தால் அந்த 8 கண்ணி வாசலில் அப்படியே கச்சிதமாக உட்காரும். குட்டி தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் அதன் முதுகிலிருந்து பையின் உள்ளடிக்கு இருபது சங்கிலிக் கண்ணியில் ஒரு கயிறு பின்னிக் கட்டிவிடலாம். வெளியே எடுத்து விளையாட அந்த நீளம் தாராளம்.